குழந்தையின் துணி காய்ந்திருந்தது

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. கையெழுத்து கோணிக்கொண்டு போனால் அதற்கும் சேர்த்து. பொடிசு இப்போதுதான் கண் அசந்தாள். விளக்கைப் போட்டால் எழுந்துவிடுவாள் என்று சமையலறை மேடையில் தாளை வைத்து நின்றபடி எழுதுகிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் சுகம். போன் பண்ணக்கூடாதா என்பாய். இரண்டு அறை வீட்டில் போனில் பேசுவதும் மைக் பிடித்துப் பேசுவதும் ஒன்றுதான்.

செய்தி இதுதான்: நாங்கள் வருகிறோம்! விடுதியில் ஒரே அறையில் கிடந்த நாலு பேரும், மே மாதம், நீ இருக்கும் நாட்டைச் சுற்றிப் பார்க்க. உனக்கு எல்லோரையும் தெரியும். வாயாடி இப்போது வக்கீல், பேசினால் காசு கிடைக்கிறது. குட்டை மழலைப் பள்ளியில் டீச்சர். பிள்ளைகளுக்கு நடுவில் நின்றால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பேங்க்காரிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு தடவை எல்லோரும் சேர்ந்து ஊர் சுற்ற வேண்டும் என்று அவள்தான் ஆரம்பித்தாள். திட்டம் போடும் வேலை என் தலையில். மெய்ப்புத் திருத்துகிறவள், தப்பு விடமாட்டாள் என்று நம்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

இவரிடம் பயந்துகொண்டேதான் கேட்டேன். ஏதோ மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ரிப்பேர் பார்த்துவிட்டு கிரீஸ் கையோடு வந்தவர், "தாராளமா போயிட்டு வா. பொடிசை நானும் அம்மாவும் பாத்துக்கறோம். எப்படியும் பேச்சு வர்றதுக்கு முன்னாலேயே அவ என்னைத் திட்டறதுல உன்னைத் தாண்டிட்டா" என்றார்.

நீ சுற்றுலா பஸ் கம்பெனியில் இருப்பதால் உன்னைத்தான் நம்பியிருக்கிறோம். எங்கெங்கே போகலாம் என்று எழுது. பஸ் எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை நிற்கும் என்றும் எழுது. சும்மா, தெரிந்துகொள்ளத்தான்.

உன் தங்கை


ஜனவரி 30

அடி கலகலா,

உன் கடிதத்தை டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்தே பிரித்துவிட்டேன். வரிசையில் நின்ற ஒரு கிழவர், "நல்ல சேதியா?" என்று கேட்டார். பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அதற்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள். நீயும் மாப்பிள்ளையும் பொடிசும் சுகம்தானே?

வெட்கக்கேடு ஒன்று சொல்கிறேன். ஆறு வருஷமாக ஊராரை எல்லாம் ஊர் சுற்ற அனுப்புகிறேனே, நான் ஒரு இடத்தையும் பார்த்ததில்லை. தனியாகப் போய் யாரிடம் "அங்கே பார்" என்று சொல்வது? உங்களோடு நானும் வருகிறேன். லீவு எழுதிக் கொடுத்தாயிற்று.

முதல் நாள் கோட்டை. இரண்டாம் நாள் ஏரியில் படகு. காலையில் ஏறினால் சாயங்காலம்தான் கரை. மூன்றாம் நாள் மலையும் மணிக்கூண்டும், உள்ளே சுழன்று சுழன்று ஏறும் படிகள். நாலாம் நாள் கடைவீதி. பேங்க்காரி கல்யாணத்துக்கு வாங்கட்டும். பஸ் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை நிற்கும். உனக்கு ஜன்னல் ஓர சீட்டு. விடுதியில் ஜன்னல் ஓரக் கட்டிலுக்கு நீ போட்ட சண்டையை நான் மறக்கவில்லை.

உன் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! பஸ்ஸே குலுங்கப்போகிறது.

ஆசையுடன்,
அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. பொடிசுக்குப் பல் முளைக்கிறது. வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. நீ வெயிலில் வேலைக்குப் போகிறாயா, பனியா இப்போது? உடம்பைப் பார்த்துக்கொள்.

திட்டம் பிரமாதம். ஒன்றிரண்டு சின்ன மாற்றம்தான். படகு வேண்டாமே. குட்டைக்குத் தண்ணீர் என்றால் பயம், வெளியே சொல்லமாட்டாள். மணிக்கூண்டும் வேண்டாம், படி ஏறி என்ன ஆகப்போகிறது, மணியைக் கீழே இருந்தே கேட்கலாம். அதற்குப் பதில் அருங்காட்சியகம் இருந்தால் போடு. பெரிய கட்டடம், எல்லா வசதியும் இருக்கும். மூன்று மணி நேரம் என்பது ரொம்ப நீளம் இல்லையா? நடுவில் நிற்காதா? ஜன்னல் ஓரம் எனக்கு வேண்டாம், நடைபாதைப் பக்கம் போதும், வாசல் கிட்டே. எதிர்க்காற்று ஒத்துக்கொள்வதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பேங்க்காரி வீட்டில் கூடினோம். தரையில் வரைபடத்தை விரித்துப் போட்டு, வாயாடி எங்கள் பழைய விடுதிக் காப்பாளர் மாதிரி நடந்து காட்டினாள், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மூக்கைச் சுருக்கிக்கொண்டு. எல்லோரும் உருண்டு புரண்டார்கள். நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். பொடிசு என் மேலேயே போய்விட்டாள், புடவையெல்லாம் ஈரம். குழந்தை என்றால் அப்படித்தானே.

உன் தங்கை


மார்ச் 8

தங்கைக்கு,

நான் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள்.

குட்டை எனக்குத் தனியாக எழுதியிருக்கிறாள். "அக்கா, மத்ததெல்லாம் எப்படியோ போகட்டும், படகை மட்டும் விட்றாதீங்க, நீச்சல் போட்டியில கப்பு வாங்கினவ நான்" என்று. யாருக்கடி தண்ணீர் பயம்?

அருங்காட்சியகத்தில் பழைய பானைகள்தான் இருக்கின்றன. பானை பார்க்கவா நாலு பெண்கள் விமானம் ஏறி வருகிறீர்கள்? காற்று ஒத்துக்கொள்ளாதாம்! விடுதியில் குளிரில் ஜன்னலைத் திறந்து வைத்து மற்ற மூன்று பேரையும் இருமவைத்தவள் யார்?

என்னோடு வருவது பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல். நான் ஒதுங்கிக்கொள்கிறேன், உங்கள் வயசுக்காரி இல்லைதானே நான்.

அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கக்கூட மனம் ஓடவில்லை, தவறாக எடுத்துக்கொள்ளாதே. உன்னை வேண்டாம் என்பேனா? குட்டை விஷயம் நான் ஏதோ தப்பாக நினைத்துக்கொண்டது.

உண்மையில் இவர் மனசு மாறிவிட்டார். முதலில் சரி என்றவர்தான். இப்போது, குழந்தையை விட்டுவிட்டு ஊர் சுற்றுவதா என்கிறார். எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன். தோழிகளிடமும் இதையே சொல்லியிருக்கிறேன். என்னை விட்டுவிட்டு அவர்கள் வரட்டும். நீ இதைப் பற்றி அவரிடம் ஒன்றும் கேட்டுவிடாதே.

உன் தங்கை


ஏப்ரல் 2

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நலம். நலமறிய விரும்புகிறேன்.

உங்களுக்கு நான் இதுவரை தனியாக ஒரு வரி எழுதியதில்லை. எழுத வைத்துவிட்டீர்கள். என் சித்தி பெண் கல்லூரியில் எப்படி இருந்தாள் என்று உங்களுக்குத் தெரியாது. அவள் சிரித்தால் அடுத்த கட்டடத்தில் ஆள் திரும்பிப் பார்ப்பார்கள். கலகலா என்று பேர் வைத்ததே அதனால்தான். அவள் தோழிகள் எழுதுகிறார்கள், இப்போது அவள் சிரிப்பதே இல்லையாம். யாராவது சிரிக்க வைத்தால் எழுந்து போய்விடுகிறாளாம். ஒரு பெண்ணின் சிரிப்பை நிறுத்திவிட்டு எந்த லிஃப்டை ஓட்டி என்ன பிரயோஜனம்?

நாலு நாள் அனுப்ப மனசு வரவில்லையா உங்களுக்கு? முதலில் சரி என்று தலையாட்டியது எதற்கு?

பெரியவள் என்ற உரிமையில் எழுதிவிட்டேன். கோபம் வந்தால் வரட்டும்.

உங்கள் அண்ணி


ஏப்ரல் 20

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

வணக்கம். நீங்கள் சுகம் என்று நம்புகிறேன். அம்மாவும் பாப்பாவும் நலம். பாப்பா பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பிழை திருத்துகிறவளிடம் இதைக் காட்ட முடியாது.

அண்ணி, நான் போகாதே என்று சொல்லவில்லை. லீவுகூடக் கேட்டு வைத்திருக்கிறேன்.

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவள் தோழிகள் மூன்று பேரும் வீட்டுக்கு வந்தார்கள். உட்காரவில்லை. வக்கீலம்மாதான் பேசினார்கள். "சார், ஒரு கேள்வி. ஒரு பொண்ணுக்கு ஃப்ரெண்ட்ஸோட நாலு நாள் போக உரிமை இருக்கா, இல்லியா? ஆமா இல்லன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கதவோரமாக நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. வாய் மட்டும் ஏதோ சொல்ல அசைந்தது. அந்த நேரம் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் அங்கேயே விழுந்திருப்பாள் என்று தோன்றியது. "ஆமாங்க, நான்தான் வேணாம்னேன். எனக்குக் கஷ்டமா இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். அம்மா போட்டு வைத்த டீயை அவர்கள் தொடவில்லை.

அதற்கப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

சிரிப்பு பற்றி எழுதியிருந்தீர்கள். உண்மைதான். நான் ஏதாவது தமாஷாகச் சொன்னால் அறையை விட்டுப் போய்விடுகிறாள். கிட்டே வந்தால் நகர்ந்துகொள்கிறாள். பாப்பா பிறந்ததிலிருந்து தனிப் பாயில்தான் படுக்கிறாள். லிஃப்ட் நின்றுபோனால் எனக்கு மேலே ஏறிப் பார்க்கத் தெரியும். இதில் எங்கே ஏறிப் பார்ப்பது? என்னைப் பிடிக்காமல் போய்விட்டது, அதுதான் விஷயம் என்று நினைக்கிறேன். அதை வாயால் கேட்டு, அவளும் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது அண்ணி?

நான் எழுதியதை அவளிடம் சொல்ல வேண்டாம்.

தங்கள் அன்புள்ள,
மாப்பிள்ளை


மே 1

என் தங்கமே,

பொடிசு இப்போது நிற்க ஆரம்பித்திருப்பாளே. முழங்கால் பரவாயில்லை.

ஒரே கேள்விதான். பஸ் எப்போது நிற்கும் என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். படகு வேண்டாம் என்றாய். படி வேண்டாம் என்றாய். வாசல் கிட்டே சீட்டு கேட்டாய். சிரித்தால் எழுந்து போய்விடுகிறாய். நான் டிக்கெட் ஜன்னலில் இருப்பவள். இந்த மாதிரி சுற்றி வளைத்துக் கேட்கிற பெண்கள் தினம் வருகிறார்கள். நீ என் தங்கை என்பதால்தான் எனக்கு உறைக்கவில்லை.

பிரசவத்திலிருந்தா?

ஆமாம் என்றால் ஒன்றும் எழுத வேண்டாம். வெறும் உறையை ஒட்டி அனுப்பு, போதும்.

அக்கா


மே 27

அக்கா,

வெறும் உறையைத்தான் ஒட்டினேன். இரண்டு வாரம் பையிலேயே கிடந்தது. இன்றைக்கு ஒட்டியதைப் பிரித்துவிட்டு எழுதுகிறேன். நீ சுகமாக இரு.

ஆமாம். பிரசவத்திலிருந்து. சிரித்தால், தும்மினால், பொடிசைத் தூக்கக் குனிந்தால். அந்த வார்த்தையை எழுதப் பேனா வரவில்லை, நீயே போட்டுக்கொள். எல்லோரும் எழுவதற்கு முன்னால் என் துணியைப் பொடிசின் துணியோடு சேர்த்து அலசிவிடுகிறேன். "பாவம், கொழந்தைக்கு இவ்ளோ துணியா" என்று அத்தை அதிசயப்படுகிறார்கள். பொடிசுக்குத் தடுப்பூசி போடப் போகும்போதெல்லாம் நர்ஸ், "அம்மாவுக்கு ஏதாவது தொந்தரவா?" என்று கேட்பாள். "ஒண்ணுமில்ல" என்பேன். படித்தவள் நான். அடுத்தவர்கள் எழுத்தில் தப்பைச் சிவப்பு மையால் சுழிக்கிறவள்.

பேங்க்காரி வீட்டில் நடந்ததை உனக்குப் பாதிதான் எழுதினேன். வாயாடி அந்த நடை நடந்தபோது என்னையும் அறியாமல் பழைய மாதிரி சிரித்துவிட்டேன். அடக்கி அடக்கி வைத்திருந்தது, ஒரு நிமிஷம் மறந்துபோனேன் அக்கா. அவ்வளவுதான். வரைபடத்தின் ஓரம்கூட நனைந்துவிட்டது. மடியில் பொடிசு இருந்தாள். "ஐயோ, இவ போயிட்டா" என்று அவளைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். குட்டை ஓடி வந்து அவளை வாங்கினாள். துணியைத் தொட்டுப் பார்த்தாள். "என்னடி இது, கொழந்தை காஞ்சுதானே இருக்கா?" என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. நான் அவளிடமிருந்து பொடிசைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். படி இறங்கும்போது, பேசத் தெரியாத குழந்தை மேல் பழி போட்டேனே என்று நினைத்தேன். பேசத் தெரியாததால்தான் போட்டேன்.

அதோடு நின்றேனா? அடுத்தது குட்டை மேல். அப்புறம் இவர் மேல். அவர்கள் வந்து கேட்ட அன்றைக்கு இவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, செய்யாத தப்பை ஒப்புக்கொண்டார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் உடம்பு எனக்குக் கொடுத்த அசிங்கம் பெரிதில்லை, துணி மாற்றினால் போய்விடும். இது போகமாட்டேன் என்கிறது. அவர் சாப்பிட உட்காரும்போது எதிரே உட்கார முடியவில்லை.

பேங்க்காரிக்குக் கல்யாணம் தள்ளிப்போயிருக்கிறது. நான் இல்லாமல் போகமாட்டோம் என்று மூன்று பேரும் பயணத்தை நிறுத்திவிட்டார்கள். உன் லீவையும் பாழாக்கினேன்.

உன் தங்கை


ஜூன் 9

அடி பைத்தியமே,

நான் சுகம். லீவை வீணாக்கவில்லை, ஜன்னல் எல்லாம் துடைத்தேன். வீடு என்னை அடையாளம் கண்டுகொண்டது.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அழுதேன். அப்புறம் உன் மேல் வந்த கோபத்தில் சோறு தீய்ந்துபோயிற்று. நாளைக்கே டாக்டரிடம் போ. இது உனக்கு மட்டும் வந்த அதிசயம் இல்லை.

இப்போது என் பங்கு வெட்கம். நீ கேட்காதே என்று எழுதிய பிறகும் நான் மாப்பிள்ளைக்கு எழுதினேன். நல்ல வார்த்தை ஒன்றுகூட இல்லாத கடிதம். அவர் பதில் எழுதினார், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சொல்கிறேன். நீ நகர்ந்து நகர்ந்து போவதைப் பார்த்து, உனக்கு அவரைப் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்த மனுஷன் அதைக் கேட்கக்கூடப் பயப்படுகிறார்.

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டேன். விஷயம் என்ன என்று சொல்லவில்லை. அது உன் வாயிலிருந்து வர வேண்டியது.

நான் கேட்டாயிற்று. நீ?

அக்கா


ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தானே? இன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். விளக்கும் போட்டிருக்கிறது, பொடிசு எழுந்தால் எழட்டும்.

சொல்லிவிட்டேன். உன் கடிதம் வந்த அன்றைக்கே முடியவில்லை, நாலைந்து நாள் வாயைத் திறந்து திறந்து மூடினேன். ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்து குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் துண்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். முதுகைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், குழந்தை மேல் போட்டது வரைக்கும். குழாயை மூடினார். திரும்பவில்லை.

"இதுக்கா?" என்றார்.

"உங்களை எல்லார் முன்னாலயும் நிக்க வெச்சுட்டேன்."

"அது கெடக்கட்டும். என்னைப் புடிக்காம போச்சுன்னு நெனச்சேன். கிரீஸ் நாத்தமா இருக்குமோன்னு மூணு சோப்பு மாத்தினேன். இப்ப பாரு, ரோஜா வாசனை. வேலை செய்யற எடத்துல பசங்க பக்கத்துல வந்து மோந்து பாக்கறானுங்க."

உண்மையிலேயே ரோஜா வாசனைதான் அக்கா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையோடு சேர்ந்து வந்ததால் அடக்கவும் தெரியவில்லை. அவர் எதிரிலேயே, நின்ற இடத்திலேயே ஆயிற்று. அவர் குனிந்து பார்த்தார். என் கையிலிருந்த துண்டை வாங்கித் தரையில் போட்டார். ஈரக் கையைத் தன் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு, "போய் மாத்திட்டு வா, சாப்பிடலாம்" என்றார். நான் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

டாக்டரிடம் இரண்டு பேருமாகப் போனோம். பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். மாதக் கணக்கில் செய்ய வேண்டுமாம். செய்கிறேன். கொஞ்சம் தேவலை, கொஞ்சம்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை தோழிகள் மூன்று பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டேன். முழுசாகச் சொன்னேன். பேங்க்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். குட்டைதான் அழுதாள். "அன்னிக்கு கொழந்தை காஞ்சிருந்தான்னு நான் கத்தினேனே. வாயை மூடிட்டு உன்னைத் தனியா கேட்டிருக்கணும்டி" என்றாள். நான் அவளிடம் தண்ணீர் பயத்துக்காக மன்னிப்புக் கேட்டேன். "அதுக்குத்தான் நிஜமா மன்னிக்க மாட்டேன், கப்பு வாங்கினவ நான்" என்றாள். வாயாடி எழுந்து கூடத்துக்குப் போனாள். அங்கே இவர் பொடிசுக்கு முட்டி போட்டு யானையாகிக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே, "சார், கேஸை வாபஸ் வாங்கறேன். நான் அன்னிக்குப் பேசினது..." என்றாள்.

இவர் யானையாகவே இருந்தபடி, "பரவாயில்லீங்க. டீதான் ஆறிப் போச்சு. மூணு மாசமா மூடி வெச்சிருக்கோம்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும். காலைப் பின்னிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஆனால் எழுந்து போகவில்லை.

வெட்கம் போய்விட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய். துணி அலசும்போது இன்னமும் வாசல் பக்கம் பார்த்துக்கொள்கிறேன். பொடிசு முகத்தைப் பார்த்தால் அன்றைக்குப் படியிறங்கியது ஞாபகம் வருகிறது. அவளுக்குப் பேச்சு வந்த பிறகு ஒரு நாள் அவளிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அக்டோபரில் வருகிறோம். பேங்க்காரி கல்யாணம் அதற்கப்புறம்தான். குட்டைக்காகப் படகைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடாதே, அதில் அவர்கள் போகட்டும். மணிக்கூண்டிலும் அவர்களே ஏறட்டும். உன் முழங்காலும் நானும் கீழே உட்கார்ந்திருப்போம். ஜன்னல் ஓரம் எனக்கு, அதில் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

ஒன்று மட்டும் எனக்காக நீ செய்ய வேண்டும். மூன்று மணி நேரம் என்னால் முடியாது. பஸ் டிரைவரிடம் முன்கூட்டியே கேட்டு வை. சுற்றி வளைக்காதே, வயிற்று வலி என்று சொல்லாதே, குழந்தைகள் வருகிறார்கள் என்றும் சொல்லாதே. "என் தங்கைக்கு மூத்திரம் அடக்க முடியாது, அவள் கேட்கும்போது நிறுத்துவீர்களா?" என்று கேள். எழுதிவிட்டேன் பார். அடிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை.

டிரைவர் என்ன சொன்னார் என்று சீக்கிரம் பதில் போடு.

உன் தங்கை